மதிக்கு விசா கிடைத்துவிட்டது

அன்புள்ள சுந்தரத்துக்கு,

போனில் நீ மகள் மதியின் அமெரிக்க மாணவர் விசா நேர்காணல் விவரம் கேட்டபோது அவள் பக்கத்திலேயே இருந்ததால் மனம்விட்டுப் பேச முடியவில்லை. உன் மகனுக்கும் நேர்காணல் நெருங்குகிறது என்பதால் சாவகாசமாக எழுதுகிறேன்.

கட்டணக் கணக்கு உன் மகனுக்கே தெரிந்திருக்கும். விசாவுக்கு 185 டாலர், செவிஸ் என்கிற வெளிநாட்டு மாணவர் பதிவுக்கு 350 டாலர். மறுத்துவிட்டால் அந்த 185 போனது போனதுதான். கைரேகைக்கும் புகைப்படத்துக்கும் முன்னதாகவே தனியாக ஒரு முறை போய்வர வேண்டும்.

நேர்காணல் சென்னை அண்ணா மேம்பாலத்தை ஒட்டிய அமெரிக்கத் துணைத் தூதரகத்தில். பெற்றோருக்கும் கைப்பேசிக்கும் உள்ளே அனுமதி இல்லை. அவளை வரிசையில் விட்டுவிட்டு நான் செம்மொழிப் பூங்காவில் போய் உட்கார்ந்தேன். நம் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்த இடம்தான். காரே இல்லாத நாம் அங்கே ஒரு காபியை வைத்துக்கொண்டு மாலை முழுவதும் அரட்டை அடித்தோமே!

வீட்டுப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், ஆடிட்டர் கொடுத்த சொத்து மதிப்பு, வங்கியின் கடன் ஒப்புதல் கடிதம் என்று சீர்வரிசை போல அடுக்கி அனுப்பியிருந்தேன். அதிகாரி வாங்கிப் பார்த்தது பாஸ்போர்ட்டும், பல்கலைக்கழகம் இடம் கொடுத்ததற்கு அனுப்பும் ஐ-20 படிவமும் மட்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நின்றபடியே இவள். ஏன் இந்தப் பல்கலைக்கழகம், செலவு யாருடையது என்று கேட்டிருக்கிறார். மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகள் உப்பானதைப் பற்றித்தான் இவள் கல்லூரியில் ஆய்வு செய்தாள். மேற்படிப்பும் நிலத்தடி நீர்தான். அதைச் சொன்னதும், தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து, "ஏன் உப்பாகிறது?" என்றாராம். அளவுக்கு மீறி நீரை உறிஞ்சினால் கடல் நீர் உள்ளே புகுந்துவிடும் என்று இவள் விளக்கினாள். படித்துவிட்டு என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, அந்தக் கிணறுகளிடமே திரும்பி வருவேன் என்றாளாம். பாஸ்போர்ட்டை அவரே வைத்துக்கொண்டார், விசா உண்டு என்று அர்த்தம். அவ்வளவுதான், இரண்டு மூன்று நிமிடம்.

இவளுக்கு முன்னால் நின்ற பையன், யாரோ எழுதிக்கொடுத்த பதிலை மூச்சுவிடாமல் ஒப்பித்தானாம். பாஸ்போர்ட்டோடு விசா மறுப்புத் தாளும் அவன் கைக்குத் திரும்பி வந்தது. அதனால்தான் மறுத்தார்கள் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனாலும் உன் மகனிடம் எதையும் மனப்பாடம் செய்யவேண்டாம் என்று சொல்.

அந்தத் தாளில் இருப்பது 214(பி) என்ற பிரிவு. 1952ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் உள்ளது. வருகிறவன் அங்கேயே தங்கிவிட நினைக்கிறான் என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். அப்படியில்லை என்று காட்டுவது மாணவன் பொறுப்பு. மேல்முறையீடும் கிடையாது, புதிதாக விண்ணப்பிக்கலாம். அதே நாடுதான் படிப்பு முடிந்ததும் ஓராண்டு வேலை செய்யவும், அறிவியல், பொறியியல் படிப்பென்றால் மேலும் இரண்டு ஆண்டு நீட்டிக்கவும் வழி வைத்திருக்கிறது. வாசலில் திரும்பிப் போவாயா என்று கேட்டுவிட்டு, உள்ளே நாற்காலி போடுகிறார்கள்!

எனக்கு உறுத்தியது வேறு. திரும்பி வருவாயா என்று நாங்கள் யாரும் அவளைக் கேட்டதில்லை. கேட்டால் தடுக்கிறோம் என்று நினைப்பாளோ என்ற பயம். அன்று இரவு சாப்பிடும்போது அவள் அம்மாதான் கேட்டாள்: "அங்கே சொன்னது நிஜம்தானா?"

"இப்போது நினைப்பதைத்தான் சொன்னேன் அம்மா" என்றாள் மதி. கோபமும் இல்லை, கொஞ்சலும் இல்லை. நான் ரசம் போதும் என்று எழுந்துவிட்டேன்.

இன்னொன்று. 2025 ஜூன் முதல் மாணவர்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கவேண்டும். மதி திறந்து வைத்ததில் அதிகாரி எதைப் பார்த்தாரோ, அவளுடைய அத்தைகள் ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டார்கள். பையனை இப்போதே எச்சரித்துவை.

வகுப்பு தொடங்குவதற்கு 30 நாளுக்கு முன்னால் அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள் என்பதால் ஆகஸ்டில்தான் புறப்படுகிறாள். உன் மகன் முதல் நாளே நம் வீட்டுக்கு வந்து தங்கட்டும். நீயும் கூட வா, பூங்காவில் எனக்கும் துணையாக இருக்கும்.

அன்புடன்,
ராமு