வுவாசான் ஊர்த் தெரு

பாரிஸ்,
மார்ச் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். உங்களதும் அம்மாவினதும் சுகத்தை அறிய ஆவல். உணவகத்துச் சமையலறை வேலை முன்போலவே நடக்கிறது. குளிர் இன்னும் விடவில்லை. இங்குள்ள தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் முருங்கைக்காயின் விலையைச் சொன்னால் அம்மா நம்ப மாட்டா.

மாதத்தின் முதல் ஞாயிறன்று ஓர்சே அருங்காட்சியகத்தில் கட்டணமில்லை என்பதால் இம்முறை அங்கே போனேன். 1900ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய பழைய புகையிரத நிலையம் அது. அங்கே கமீய் பிசாரோ 1872இல் வரைந்த, வுவாசான் என்ற சிற்றூரின் நுழைவாயிலைக் காட்டும் ஓவியத்தின் முன்னே நெடுநேரம் நின்றுவிட்டேன். ஒன்றரை அடி உயரந்தான் இருக்கும். இருபுறமும் மெலிந்த மரங்கள், நடுவே மண் தெரு, அதில் ஒரு குதிரை வண்டி, அப்பால் வீடுகள். கிட்டப் போனால் தூரிகைத் தீற்றல்களைத் தவிர எதுவும் இல்லை. நான்கு அடி பின்வாங்கினால் அவையே வெயிலாகிவிடுகின்றன. தெருவின் குறுக்கே விழுந்த மர நிழல்கள் கறுப்பாக இல்லை. நிழலுக்குக் கறுப்பைக் கரைத்த பிள்ளைகளை நீங்கள் சித்திர வகுப்பில் கடிந்துகொண்டது நினைவுக்கு வந்தது.

அமைதியான கிராமத் தெரு என்று சொல்லிப் பலரும் கடந்து போகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் நடந்த போரின்போது லண்டனுக்கு ஓடிய பிசாரோ 1871இல் திரும்பியபோது, பாரிசுக்கு அருகிலுள்ள லூவ்சியெனில் அவர் விட்டுச்சென்ற வீட்டில் பிரஷ்யப் படையினர் தங்கியிருந்ததையும், ஓவியங்களில் பெரும்பாலானவை அழிந்துபோனதையும் கண்டார். அதற்கு அடுத்த ஆண்டு, அதே ஊர்ப்பக்கத்தில் வரைந்த தெரு இது. படையின் சுவடே இதில் இல்லை. ஆனால் ஒவ்வொரு மரமும் அதனதன் இடத்தில் நிற்கிறதா என்று சரிபார்ப்பவரின் கண் இருக்கிறது. இராணுவம் விட்டுப்போன நமது வளவுக்குள் நுழைந்ததும் நீங்கள் முதலில் எஞ்சிய பனைகளை எண்ணினீர்கள் என்று அம்மா சொன்னாவே, அதே கண். பிசாரோவும் கரீபியன் தீவொன்றில் பிறந்து கடல் கடந்து வந்தவர் என்பதால் நான்தான் மிகையாக வாசிக்கிறேனோ என்னவோ.

அந்த ஓவியத்தின் தபாலட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். அது காலை வெயில் என்பது என் எண்ணம். கூட வந்த அறை நண்பர் மாலை என்று வாதிடுகிறார். நிழல்களைப் பார்த்து நீங்களே எழுதுங்கள்.

அன்பு மகன்