பல்லடத்து மாப்பிள்ளைக்கு ஒரு டீக் கணக்கு

கோபிசெட்டிபாளையம்
ஞாயிறு மதியம்

மாப்பிள்ளை,

இங்கே எல்லாரும் சுகம். அத்தைக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? சின்னவள் காலேஜில் சேர்ந்ததைத் தங்கச்சி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அந்தப் பாக்கி தனி. பெருந்துறை பஸ் விஷயத்தை அவளிடம் இன்னும் நான் சொல்லாமல் இருக்கிறேனே, அந்த நன்றியாவது உனக்கு இருக்க வேண்டாமா?

துரை போன வாரம் அவன் அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கக் கடைக்கு வந்தான். நீ சிகரெட்டை விட்டது நிஜம்தான் என்றான். நம்பவே முடியவில்லை. உன் விரலிடுக்கில் சிகரெட் இல்லாமல் நான் பார்த்தது உன் கல்யாண மேடையில் மட்டும்தான், அதுவும் சடங்கு நடத்திய அருமைக்காரர் முறைத்ததால். சரி, சந்தோஷம் என்று பில்லைக் கிழிக்கும்போதுதான் மீதியைச் சொன்னான். விட்டதிலிருந்து உனக்கு ராத்தூக்கம் இல்லையாம், நெஞ்சு படபடவென்று அடிக்கிறதாம், தறியில் அறுந்த இழையை முடியப் போனால் கை நடுங்குகிறதாம். "இது எனக்கு ஒத்து வரலை, பழையபடி ஒண்ணு பத்த வெச்சாத்தான் அடங்கும்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாயாம்.

போனில் சொன்னால் "சரி மாப்ள, சரி மாப்ள" என்று தறிச் சத்தத்துக்கு நடுவே வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரை படி.

அன்றைக்கு ராத்திரியே தங்கச்சிக்குப் போன் போட்டு உன் டீக் கணக்கைக் கேட்டேன். எழுந்ததும் வீட்டில் ஒன்று, குடோனைத் திறந்ததும் பேக்கரியில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, சாப்பிட்டதும் ஒன்று, பொழுதோடு ரெண்டு, ராத்திரி ஷிப்டு ஆள் மாறும்போது ஒன்று, அதற்கு மேல் "கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்று இடையில் எத்தனையோ. முன்பு டீயும் சிகரெட்டுமாக இருந்தது, இப்போது டீயும் டீயுமாக ஆகிவிட்டது.

இப்போது நான் சொல்வதைக் கவனி. நீ குடிக்கிற டீயில் இருக்கிற காஃபினை உடைத்து வெளியே அனுப்புவது கல்லீரலில் உள்ள ஒரு நொதி. புகையில் இருக்கும் சில ரசாயனங்கள் அந்த நொதியை முடுக்கிவிடும். இது நிகோடின் செய்கிற வேலை இல்லை, புகையே செய்கிற வேலை. சாதாரண ஆளுக்கு உள்ளே போன காஃபின் பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம் போல ஆகும். ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். புகை பிடிக்கிறவனுக்கு ஏறக்குறைய அதில் பாதி நேரமே போதும். இத்தனை வருஷமாக அத்தனை டீயைக் குடித்துவிட்டு நீ படுத்ததும் குறட்டை விட்ட ரகசியம் இதுதான். நீ புகையை நிறுத்தியதும் சில நாளிலேயே அந்த நொதி பழைய வேகத்துக்கு இறங்கிவிட்டது. டீ மட்டும் குறையவில்லை, கூடிவிட்டது. முன்பு குடித்த அதே டீ இப்போது உன் ரத்தத்தில் ஏறக்குறைய ரெண்டு மடங்காக நிற்கிறது. நடுக்கமும் படபடப்பும் தூக்கமின்மையும் பிறகு எங்கிருந்து வரும்? சிகரெட்டை விட்டவர்களுக்குச் சில வாரம் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், அதையும் மறுக்கவில்லை. ஆனால் அது தானாகத் தணியும். டீயை நீ ஊற்றிக்கொண்டே இருந்தால் இது தணியாது, பழியும் சிகரெட்டை விட்டதன் மேலேயே விழுந்துகொண்டிருக்கும்.

"டீ குடிச்சாத்தான் தெம்பு" என்பாய். நீ தெம்பு என்று நினைப்பது களைப்பு தெரியாமல் இருப்பதைத்தான். காஃபின் தெம்பு எதையும் தருவதில்லை. விழித்ததிலிருந்து மூளையில் அடினோசின் என்று ஒன்று சேர்ந்துகொண்டே வரும். அது போய் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தால்தான் நமக்குக் களைப்பும் தூக்கமும் தெரியும். சத்தி பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பாயே, காஃபின் செய்வது அதைத்தான். ஏற வேண்டிய கூட்டம் படிக்கட்டில் தொங்கிக்கொண்டேதான் இருக்கும். துண்டை எடுத்ததும் மொத்தமும் ஒரே நேரத்தில் வந்து உட்காரும். நாலு மணிக்குத் தலை தொங்கி அடுத்த டீக்கு ஓடுகிறாயே, அது இந்தக் கூட்டம்தான்.

"ராத்திரி டீ குடிச்சாலும் எனக்கு ஒண்ணும் செய்யாது" என்று வாத்தியாரும் சொல்வார், நீயும் சொல்வாய். 2013இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் காஃபின் கொடுத்து, கருவி வைத்துத் தூக்கத்தை அளந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்திருந்தது. அவர்கள் கைப்பட எழுதி வைத்த குறிப்பிலோ அந்த அளவுக்குத் தெரியவில்லை. தூங்கிவிட்டாலும் ஆழ்ந்த தூக்கத்தைக் காஃபின் அரித்துவிடும், அரித்தது ஆளுக்குத் தெரியாது. அளவு பெரியதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உன் கணக்கைப் பார். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு கப் டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் வரை இருக்கும், ஒரு நாளைக்கு 300ஐத் தாண்டக் கூடாது என்று போட்டிருக்கிறார்கள். பேக்கரி அண்ணன் போடுகிற ஸ்ட்ராங் டீயைக் கூட்டிப் பார்த்தால் நீ மத்தியானத்துக்குள்ளேயே எங்கே நிற்பாய்?

இன்னொன்று, நீ ஒரு பெரிய புத்திசாலித்தனம் பண்ணுவாய் என்று எனக்குத் தெரியும்: நாளைக்குக் காலையிலிருந்து டீயே வேண்டாம் என்று வீராப்பாக நிறுத்திவிடுவாய். அதைச் செய்யாதே. பழகிய உடம்புக்குத் திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளைக்குள் தலைவலி பிடிக்கும், ஒன்பது நாள் வரைகூட நீடிக்கலாம். உடனே அதற்கும் சிகரெட்டை விட்டதுதான் காரணம் என்பாய். நாலைந்து நாளுக்கு ஒரு டீயாகக் குறை. முதலில் ராத்திரி டீயை வெட்டு, பிறகு பொழுதோடு குடிப்பதை. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல் தொடாதே. சாயங்காலம் வாய் கேட்டால் சுக்குமல்லிக் காப்பி குடி. பெயரில்தான் காப்பி, காஃபின் துளியும் கிடையாது. வரக்காப்பிக்குத் தாவிவிடாதே, அது டீயைவிடக் கூடுதல். தலைவலி வந்தால் கண்ட மாத்திரையை வாங்கிப் போடாதே. அட்டையைத் திருப்பிப் பார், சிலதில் காஃபினையும் சேர்த்திருப்பார்கள். கடை வைத்திருக்கிற நானே சொல்கிறேன்.

நெஞ்சு படபடப்பை மட்டும் டீ மேல் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்காதே. ஒரு டாக்டரைப் பார், ஈசிஜி எடு, பிரஷர் பார். நம் வயசு என்ன என்பதை உனக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. செல்வராஜுக்கு நடந்ததற்குப் பிறகு இந்த விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. உனக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை.

சிகரெட்டை விட்டது இத்தனை வருஷத்தில் நீ செய்த உருப்படியான காரியம். ஒரு டம்ளர் டீக்காக அதை விட்டுக்கொடுக்காதே.

எந்த நாளில் எந்த டீயை வெட்ட வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அதைத் தங்கச்சியிடம் கொடு. பேக்கரி அண்ணனுக்கும் ஒரு நகல் துரை மூலமாகப் போய்விட்டது, அங்கே போய் ஏமாற்ற முடியாது. ஈசிஜி எடுத்த அன்றைக்குச் சாயங்காலம் எனக்குப் போன் பண்ணு, தறியை நிறுத்திவிட்டு.

உன்
சுந்தரம்