36-ஆவது வாரத்தில் ஒரு பரிசோதனை: பொது சுகாதாரத் துறை இயக்குநருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். பாம்பன், மண்டபம் கரையோரத்தில் 22 ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கர்ப்பிணிகளுக்குச் சிபிலிஸ், எச்.ஐ.வி. பரிசோதனைகளைச் செய்கிறோம், சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் பார்க்கிறோம். ஆனால் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவை எல்லோரிடமும் தேடிப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

தாய்க்கு ஒரு தொந்தரவும் தராமல் பிறப்புறுப்பிலும் மலக்குடலிலும் தங்கியிருக்கும் இக்கிருமி, பிரசவ வேளையில் குழந்தைக்குத் தொற்றி இரத்தத்திலும் நுரையீரலிலும் மூளை உறையிலும் புகுந்துவிடக்கூடியது. நான் பார்த்த ஒரு குழந்தை, பிறந்த மறுநாள் மார்பில் வாய் வைக்காமல் முனகிக்கொண்டே கிடந்தது. குளிர்கிறது போலும் என்று அப்பத்தா பழஞ்சேலையைச் சுற்றினார். இந்தக் கிருமிதான் என்று இரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது குழந்தை இல்லை.

36, 37-ஆவது வாரங்களில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக் கல்ச்சர் செய்தால், அதாவது ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால், கிருமி இருப்பது தெரிந்துவிடும். முன்கூட்டியே மாத்திரை கொடுத்துப் பயனில்லை, கிருமி திரும்ப வந்துவிடும். வலி கண்டபின், பிறப்புக்குக் குறைந்தது 4 மணி நேரம் முன்பாக, இரத்தக் குழாய் வழியே பெனிசிலின் ஏற்ற வேண்டும். அமெரிக்காவில் 1990-களின் தொடக்கத்தில் ஆயிரம் பிறப்புக்கு 1.8 என்றிருந்த முதல் வாரத் தொற்று, இம்முறையால் 2015-இல் 0.23 ஆகக் குறைந்தது. நம் நாட்டில் பச்சிளங்குழந்தைகளைத் தாக்கும் கிருமிகளில் கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்றவையே மிகுதி என்பதையும், அவற்றை இச்சோதனை தடுக்காது என்பதையும் அறிந்தேதான் கேட்கிறேன். தடுக்க வழி தெரிந்த சாவை விட்டுவைக்க மனம் ஒப்பவில்லை.

இன்னொன்று, சிறுநீர்க் கல்ச்சர். குடிநீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் ஊர்களில், பாசி எடுக்கப் போகும் பெண்கள் தண்ணீரையும் குறைத்துக் குடித்து, மணிக்கணக்கில் சிறுநீரையும் அடக்கிக்கொள்கிறார்கள். எரிச்சல் இல்லாமலே இருக்கும் சிறுநீர்த் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறினால் குறைமாதப் பிரசவத்தில் கொண்டுபோய் விடலாம். ஆகவே கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போதே இச்சோதனையையும் செய்ய வேண்டும்.

முடிவுகளைத் தாய் சேய் நல அட்டையின் முதல் பக்கத்திலும் பிக்மி என்னும் அரசின் கர்ப்பிணிகள் பதிவிலும் எழுத வேண்டுமென வற்புறுத்துகிறேன். தங்கச்சிமடத்தில் மாதிரி கொடுத்தவள் தலைப்பிரசவத்துக்குத் தொண்டியிலுள்ள தாய்வீட்டுக்குப் போயிருப்பாள். நள்ளிரவில் அவளைச் சேர்க்கும் செவிலியரின் கையில் அந்த அட்டை மட்டுமே இருக்கும். முதலில் மண்டபம் வட்டாரத்தில் தொடங்குங்கள். காலையில் எடுக்கும் மாதிரிகள் அன்று மாலைக்குள் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர்