கேசட்டைப் போடாதே!

தஞ்சாவூர்

அன்புள்ள குமார்,

கடிதம் வந்தது. இங்கே எல்லாரும் சுகம், அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. இப்போது அந்தப் பெட்டி விஷயம்.

மூடின வீடியோ கடையிலிருந்து அள்ளி வந்ததில் ஒன்றைக்கூட இன்னும் பிளேயரில் போடாதே. ‘ஓம் தர்-ப-தர்’ என்று அந்த இந்திப் படத்தின் பேரைக் கையால் எழுதின கேசட் கிடைத்தால் கை துறுதுறுக்கத்தான் செய்யும். அடக்கு. கேசட்டின் சன்னல் வழியாகச் சுருளைப் பார். ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சைதான். ஐப்பசி அடைமழையில் நம் பக்கம் எதுதான் தப்புகிறது? அப்படியே ஓட்டினால் பிளேயருக்குள் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அப்பிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். டேப் ஒட்டிப்போயிருந்தால் அறுந்தே விடும்.

முதல் வேலையாக, முதுகிலுள்ள சின்னப் பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிடு, மேலே எதுவும் பதிவாகாது. பூஞ்சை பிடித்ததைச் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் போட்டு நன்றாகக் காயவிடு. ஈரப் பூஞ்சையைத் துடைத்தால் ஈஷிக்கொள்ளும், காய்ந்தது பொடியாக உதிரும். வெயிலில் மட்டும் வைக்காதே, கேசட்டின் ஓடு வளைந்துவிடும். பிறகு மூக்கில் துணி கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார். பின்பக்கம் 5 திருகாணி. மூடியைத் தூக்கியதும் டேப் போகும் வழியைப் படமெடுத்து வை. ஸ்பிரிங் தெறிக்கும், ஜாக்கிரதை. 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட, நூல் உதிராத துணியால் துடை. பூட்டியபின் ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றிவிட்டுத்தான் ப்ளே. அந்த முதல் ஓட்டமே கணினியில் பதிவாகட்டும். இரண்டாவது ஓட்டம் கிடைக்குமென்று நம்பாதே.

‘புதுப்பித்த பிரதிதான் இருக்கே, இந்த ஊசிப்போன கேசட் எதுக்கு’ என்பாய். 1988இல் கமல் ஸ்வரூப் எடுத்த ‘ஓம் தர்-ப-தர்’ தியேட்டருக்கு வந்தது 2014இல். அதுவரை நகலின் நகலாகத்தான் கைமாறியது. விஎச்எஸ் என்கிற இந்த வீடியோ கேசட்டில் இருப்பதே சுமார் 240 கோடு தெளிவு. நகலுக்கு நகல் சிவப்பு வழியும், முகம் கரையும். அந்தத் தலைமுறை பார்த்தது இந்தக் கரைந்த படத்தைத்தான். இயக்குநர் ஜோடோரோவ்ஸ்கியின் ‘எல் டோபோ’ படமும் (1970) அப்படியே: உரிமைக்காரரோடு சண்டை, அமெரிக்காவில் முறையான டிவிடி 2007இல்தான்.

அபூர்வம் என்பதற்காக மட்டும் இதையெல்லாம் சேர்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மசாலாப் படமென்றால் டீக்கடையிலேயே கதையைச் சொல்லி முடித்துவிடலாம். ‘ஓம் தர்-ப-தர்’இல் என்ன சொல்வது? அஜ்மீர், ஜோசியம், தவளை, வைரம், மூச்சடக்கும் பையன். நம்ம சிநேகிதன் பஞ்சு பாதியிலேயே எழுந்து போய்விடுவான். சொல்லமுடியாததைப் போட்டுத்தான் காட்டணும், அதற்குக் கையில் பிரதி இருக்கணும். சேகரிக்கிறவனின் பிடிவாதம் அங்கேதான் தொடங்குகிறது.

கடைமுழுக்குக் கூட்டம் ஓய்ந்ததும் மாயவரம் வருகிறேன். மருந்துக்கடையில் ஆல்கஹால் கேட்டால் 70 சதவீதம் என்று எதையாவது தருவார்கள், வாங்காதே, தண்ணீர் கலந்தது. பஞ்சுவிடம் பெட்டியைப் பற்றி மூச்சுவிடாதே, அவன் முதலில் ப்ளேயைத்தான் அமுக்குவான்.

அன்புடன்,
ரவி