அப்பாவைப் பொறுத்துக்கச் சொல்லாதே

செல்லூர், மதுரை

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று போனில் அப்பாவிடம் "வலி மாத்திரை நிறையப் போட்டா கிட்னி போயிரும், கொஞ்சம் பொறுத்துக்கங்கப்பா" என்று சொன்னாய். அக்கறையில்தான் சொன்னாய், ஆனால் உசிலம்பட்டிக்காரரிடம் போய்ப் பொறுத்துக்கச் சொன்னால் என்ன ஆகும், பல்லைக் கடித்துக்கொண்டு ராத்திரி மாத்திரையே வேண்டாம் என்று தள்ளிவிட்டார்.

அப்பாவுக்குப் பண்ணின இதய பைபாஸ் ஆபரேஷனில் நடு நெஞ்செலும்பை நெடுக அறுத்துத் திறந்து, முடிந்ததும் ஸ்டீல் கம்பியால் இழுத்துக் கட்டுகிறார்கள். அந்த எலும்பு ஒன்றுசேரவே 6 முதல் 8 வாரம் ஆகும். சும்மா படுத்திருந்தால் அவருக்கு அவ்வளவாக வலி இல்லை, இருமினால்தான் உயிர் போகிறது. அதற்குப் பயந்து இருமலை அடக்குகிறார், மூச்சையும் மேலாகவே விடுகிறார். அப்படியே இருந்தால் நுரையீரல் அடிவரை விரியாது, சளி தேங்கும், அப்புறம் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். ஆஸ்பத்திரியில் சிஸ்டர் வந்து பத்துக்கு வலி எவ்வளவு என்று கேட்டபோது "ரெண்டு" என்றார். அந்தப் பிள்ளை விடவில்லை, "ஒரு தடவை இருமிட்டுச் சொல்லுங்கய்யா" என்றது. இருமினார், முகமெல்லாம் சுருங்கிப்போய் "ஏழு" என்றார். அந்த ஏழைத்தான் சிஸ்டர் எழுதிக்கொண்டது. அந்தப் பிள்ளை நல்லா இருக்கணும்.

கிட்னி பற்றி நீ சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் கிட்னியைப் பாதிக்கலாம், பைபாஸ் ஆன கையோடு போட்டால் இதயத்துக்கும் ஆபத்து. அதனால் மெடிக்கலில் எதையும் கேட்டு வாங்கி வராதீர்கள் என்று சித்தப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு எழுதியிருப்பது பாராசிட்டமால். ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது, சளி மாத்திரைகளிலும் அது கலந்திருக்கும் என்பதால் அதையெல்லாம் ஒளித்து வைத்துவிட்டேன். வேளா வேளைக்குப் போட்டால்தான் வலி அடங்கி இருக்கும், ஏறவிட்டுப் போட்டால் சீக்கிரம் கேட்காது. ராத்திரிக்கு டிரமடால் என்று கொஞ்சம் பலமான வலி மாத்திரை உண்டு, அது மலச்சிக்கல் பண்ணும், முக்கினால் நெஞ்சு வலிக்கும், அதற்கும் மருந்து வாங்கி வைத்திருக்கிறேன்.

மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்து மூச்சுப் பயிற்சிக்கான அந்த மூன்று பந்துக் கருவியைக் கையில் கொடுத்து மூச்சை இழுக்கச் சொல்கிறேன். பிறகு தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுகிறார், அப்படிப் பிடித்தால் எலும்பு அதிராது. இன்று காலை ரெண்டாவது பந்தும் ஏறியது, அவருக்கே சிரிப்பு.

எலும்பு டக்கென்று அசைகிற மாதிரி இருந்தாலோ, புண்ணில் நீர் வடிந்தாலோ, காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தாலோ, மாத்திரையைக் கொடுத்துச் சமாளிக்க மாட்டேன், நேராக ஆஸ்பத்திரிதான். அந்தப் பயம் உனக்கு வேண்டாம்.

இனி போன் பண்ணினால் வலி எப்படி இருக்கு என்று கேட்காதே, நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வார். மாத்திரை போட்டீங்களா, இருமினீங்களா, பந்து எத்தனை ஏறுச்சு, இதைக் கேள். நீ கேட்டால் மறுக்காமல் செய்வார்.

அம்மா