அட்டையின் பின்பக்கத்தைப் பார், மகனே

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பின படங்களை அம்மாவின் பெரிய திரையில் போட்டுப் பார்த்தேன். சூயிங்கம் பக்கற்றோடு வந்த, ஆட்டக்காரர் படம் போட்ட பழைய அட்டைகளைப் பொஸ்ரனில் வாங்கி விற்கிற அந்த மனிதர், நம்முடைய ஓ-பீ-சீ அட்டைகளை அமெரிக்க ரொப்ஸ் கம்பனியின் கனடியப் பிரதி என்றாராம். ஓரங்கள் பிசிறிக் கிடப்பதால் பழுது என்றும், நேராக நறுக்கினால் நல்ல விலை போகும் என்றும் சொன்னாராம். மற்றதெல்லாம் பிறகு. ஒரு அட்டையிலும் கத்தரிக்கோல் படக்கூடாது.

அந்தப் பிசிறு அட்டையோடு கூடப் பிறந்தது. ரொப்ஸ் அட்டையின் ஓரம் வழவழவென்று இருக்கும். ஓ-பீ-சீயில் தாள்களைக் கூரான கத்திக்குப் பதிலாகக் கம்பியால் அறுத்தார்கள் என்று சேகரிப்பவர்கள் சொல்வார்கள். நீ எடுத்துக்கொண்டு போன பெட்டியில் ஐஸ் ஹொக்கி கோல் காவலர் பற்றிக் ருவாவின் 1986–87 அட்டை இருக்கிறது, 53ஆம் இலக்கம். அதை எடுத்து விரல் நுனியால் ஓரத்தை மெல்லத் தடவிப் பார். நார் நாராகத் தட்டுப்படும். அந்த ஓரம் அப்படியே இருப்பதால்தான், யாரும் கை வைக்காத அட்டை என்று தெரிந்தவர்கள் நம்பி வாங்குகிறார்கள். நறுக்கின அட்டை அளவில் குறைந்துவிடும். தரம் பார்த்து மதிப்பெண் போடும் இடங்களில் அதற்கு மதிப்பெண்ணே கொடுக்க மாட்டார்கள்.

'பிரதி' என்ற கதைக்கு வருகிறேன். ஓ-பீ-சீ 1911இல் ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரில் மக்டேர்மிட் சகோதரர்கள் தொடங்கின சூயிங்கம், மிட்டாய்க் கம்பனி. அவர்கள் முதல் ஹொக்கி அட்டை போட்டது 1933–34 பருவத்தில். ரொப்ஸின் முதல் ஹொக்கி அட்டை வந்தது 1954–55இல். இருபது வருசத்துக்கு மேல் முந்தி வந்தவன் யாரைப் பார்த்து எழுதுவான்? பேஸ்போலில் அந்த மனிதர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ரொப்ஸோடு ஒப்பந்தம் செய்து, 1965 தொடக்கம் அவர்களுடைய படங்களையும் வடிவத்தையும் எடுத்துத்தான் கனடாவில் அச்சடித்தார்கள். அந்த ஆரம்ப வருச அட்டைகளில் முன்பக்கத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. பின்பக்கத்தின் அடியில் 'கனடாவில் அச்சிடப்பட்டது' என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

1970இல் இருந்து இந்தச் சிக்கல் இல்லை. 1969இல் ஆட்சி மொழிச் சட்டம் வந்து ஆங்கிலமும் பிரெஞ்சும் சம உரிமை பெற்றன. அடுத்த வருசமே பேஸ்போல் அட்டையின் பின்பக்கத்தில் இரண்டு மொழியும் வந்துவிட்டன. அதே சின்ன இடத்தில் இரண்டு மொழியையும் அடக்க வேண்டும் என்பதால் பின்பக்கத்தை மாற்றி அமைக்க வேண்டியிருந்தது. வந்த புதிதில் நான் வேலை செய்த கடையில் இந்தப் பக்கற்றுகள் கல்லாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஆள் இல்லாத நேரத்தில் ஒன்றை உடைத்து, சூயிங்கத்தை வாயில் போட்டுக்கொண்டு, முதலில் ஆங்கில வரியையும் பிறகு பிரெஞ்சு வரியையும் வாசிப்பேன். எனக்கு இந்த நாட்டின் ஊர்ப் பெயர்கள் பாதி வந்தது, ஆட்டக்காரர்கள் பிறந்த இடம் என்று அந்த அட்டைகளில் போட்டிருந்ததில் இருந்துதான். அதனால் இவற்றை யாராவது 'பிரதி' என்றால் எனக்குப் பொறுக்காது.

இன்னொன்றையும் கவனி. கனடாவில் வாங்குகிற பிள்ளைகள் குறைவு என்பதால் பேஸ்போல் தொகுதிகளைச் சின்னதாக்கினார்கள். 1977இல் ரொப்ஸ் 660 அட்டைகள் போட, ஓ-பீ-சீ 264 தான் போட்டது. ஆனால் வேண்டியவர்களைக் கைவிடவில்லை. அந்த வருசம்தான் ரொறொன்ரோ புளூ ஜேஸ் அணி ஆடத் தொடங்கியது. அவர்களுக்கும் மொன்றியல் எக்ஸ்போஸ் ஆட்டக்காரர்களுக்கும் ரொப்ஸில் இல்லாத புதுப் படங்களைத் தேடிப் போட்டார்கள். ஹொக்கியில் நிலைமை தலைகீழ். 1979–80இல் ரொப்ஸ் 264, ஓ-பீ-சீ 396. இங்கே மூன்றாம் வரிசை ஆட்டக்காரனுக்கும் ரசிகன் இருந்தான் அல்லவா!

அந்த 396இல் 18ஆம் இலக்கம்தான் புகழ்பெற்ற ஹொக்கி ஆட்டக்காரர் வெயின் கிரெட்ஸ்கியின் முதல் வருச அட்டை. ரொப்ஸிலும் அதே இலக்கம்தான். இருந்தும், எந்தக் குறையும் இல்லை என்று பத்துக்குப் பத்து வாங்கின ஓ-பீ-சீ அட்டை ஒன்று 2021இல் 37.5 லட்சம் அமெரிக்க டொலருக்குப் போனது. நீல ஓரம் லேசில் உரிந்து வெள்ளை தெரியும், வெட்டும் ஒழுங்கில்லை. அதனால்தான் குறையில்லாத ஒன்று கிடைப்பது அவ்வளவு அருமை. நம்முடைய பெட்டியில் அது இல்லை, தேடிக் களைக்காதே.

எனக்கு அதைவிடப் பிடித்தது 1972 கில் ஹொட்ஜஸ் அட்டை. நியூயோர்க் மெட்ஸ் பேஸ்போல் அணியின் மேலாளராக இருந்தவர், அந்த வருசம் ஏப்ரல் 2ஆம் திகதி திடீரென்று இறந்துபோனார். ரொப்ஸ் அட்டையில் அந்தச் செய்தி இல்லை. ஓ-பீ-சீ அட்டையில் அவர் இறந்த திகதியையே அச்சடித்திருந்தார்கள். பிள்ளைகள் வாங்கும் சூயிங்கம் பக்கற்றுக்குள் போகிற அட்டைதானே என்று அவர்கள் விட்டுவிடவில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது இதுதான். றப்பர் வளையம் போட்டிருந்தால் கழற்றிவிடு, அது ஓரத்தைத் தின்றுவிடும். ஒவ்வொன்றையும் மெல்லிய பிளாஸ்ரிக் உறையில் போடு. சூயிங்கம் கறை இருந்தால் சுரண்டாதே. பிறகு எல்லாவற்றின் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு, எது எந்த வருசம் என்று இங்கிருந்தே எழுதித் தருகிறேன். விற்க விருப்பம் என்றால் தாராளமாக வில். ஆனால் அந்த மனிதரிடம் வேண்டாம். ருவா அட்டையை மட்டும் நீயே வைத்திரு.

அம்மா உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்கிறா.

அன்புடன்,
அப்பா