கட்டத்துக்குள் 12 போடும் பிள்ளைகள்

அன்புள்ள தங்கச்சிக்கு,

போன வாரம் நீ போனில் கேட்டபோது நான் பஸ்ஸில் இருந்தேன், பாதி காதில் விழவில்லை. "அண்ணே, கணக்கும் நான்தான், சமூக அறிவியலும் நான்தான். முதல் பீரியட் சமன்பாடு, மூணாவது பீரியட் சமத்துவம். ரெண்டும் ஒரே பாடம் மாதிரி இருக்கு, ஆனா எப்படிச் சேர்க்கிறதுன்னு தெரியல" என்றாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். ஆள் போதாத நடுநிலைப் பள்ளிகளில் உன்னைப் போல எல்லாப் பாடமும் எடுக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன். கோவித்துக்கொள்ளாதே.

முதலில் நாளைக்கு வகுப்புக்குப் போனதும் போர்டில் இதை எழுது:

8 + 4 = □ + 5

எதையும் விளக்காதே. கட்டத்துக்குள் என்ன வரும் என்று மட்டும் கேள். பாதிக்கு மேல் 12 என்பார்கள். சிலர் இருப்பதையெல்லாம் கூட்டி 17 என்பார்கள். ஏழாம் வகுப்பில் நான் முதன்முதலில் கேட்டபோது 36 பேரில் 4 பேர்தான் சரியாக 7 என்றார்கள். நம் பிள்ளைகள் மட்டும் இப்படி என்று நினைக்காதே. அமெரிக்காவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்த ஆய்வாளர்களுக்கும் இதே 12, 17தான் கிடைத்தது.

பிள்ளைகளுக்கு நடுவில் இருக்கிற அந்தச் சமக்குறி (=) ஒரு கட்டளை. "ரெண்டும் மூணும்? ஈக்குவல் டூ?" என்று நாம் இழுப்போம், அவர்கள் "அஞ்சு" என்பார்கள். கால்குலேட்டரிலும் அந்தப் பொத்தானை அழுத்தினால்தான் விடை வரும். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே எடை என்று அந்தக் குறி சொல்வதாக அவர்களிடம் யாரும் சொன்னதே இல்லை.

சித்தப்பா கடையில் நீ பார்த்திருப்பாய். பருப்பை அள்ளுவதற்கு முன் வெறும் தட்டைத் தூக்கிப் பிடித்து, முள் நடுவில் நிற்பதைக் காட்டுவார். எதிரே நிற்கிற கிழவி சித்தப்பாவின் முகத்தைப் பார்க்கவே மாட்டாள், முள்ளைத்தான் பார்ப்பாள். அவர் நாணயமானவரா என்பது அவளுக்குத் தேவையே இல்லை.

இந்தக் குறியை 1557-ல் முதலில் அச்சில் போட்டவர் ராபர்ட் ரெக்கார்டு, வேல்ஸ் நாட்டு மருத்துவர். ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான பொருள் வேறு இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். ஒரு பிரபுவின் மேல் புகார் சொல்லப் போய், அந்தப் பிரபு அவதூறு வழக்குப் போட்டு, 1000 பவுண்ட் இழப்பீடு கட்ட முடியாமல் மறு வருஷமே சிறையில் செத்துப்போனார் மனுஷர். பாடப்புத்தகத்தில் இது இருக்காது. நீ சொல்லு, பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

இனி மூன்றாவது பீரியடுக்கு வா. "சட்டத்தின் முன் அனைவரும் சமம், 14ஆம் பிரிவு." இரண்டு மதிப்பெண் கேள்வி. இங்கேயும் அதே வியாதிதான். கேள்வி வந்தால் விடை எழுத வேண்டும், அவ்வளவுதான். முள் எங்கே நிற்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

இதை எனக்குக் காட்டியவர் பாப் மோசஸ், நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்த கறுப்பின கணக்கு வாத்தியார். 1961-ல் வேலையை விட்டுவிட்டு மிசிசிப்பி மாநிலத்துக்குப் போய், கறுப்பின மக்களின் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்கும் வேலையில் இறங்கினார். அடி வாங்கினார், ஜெயிலுக்கும் போனார். அங்கே பதிவு செய்யப் போகிறவருக்கு ஒரு தேர்வு உண்டு. மாநில அரசமைப்புச் சட்டத்திலிருந்து ஒரு பிரிவைக் கொடுத்து, அதை எழுதிப் பொருள் சொல்லச் சொல்வார்கள். எந்தப் பிரிவு என்பது பதிவு அலுவலர் இஷ்டம். சொன்ன பொருள் சரியா என்பதும் அவர் இஷ்டம். விடைக்குறிப்பு கிடையாது, மறுகூட்டலும் கிடையாது. வெள்ளைக்காரர் வந்தால் சுலபமான பிரிவாகப் பார்த்துக் கொடுப்பார். 1964-ல் அங்கே ஓட்டுப்போடும் வயதிலிருந்த கறுப்பினத்தவரில் 6.7 சதவீதம் பேர்தான் பட்டியலில் இருந்தார்கள். இத்தனைக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பு எல்லாருக்கும் உண்டு என்று அமெரிக்க அரசமைப்பில் 1868-லும், நிறத்தைக் காட்டி ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது என்று 1870-லும் எழுதியாகிவிட்டது. 1965-ல் வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகுதான் அந்தத் தேர்வு ஒழிந்தது.

அதற்குப் பின் மோசஸ் தான்சானியாவில் சில வருஷம் கணக்கு நடத்திவிட்டு அமெரிக்கா திரும்பினார். 1982-ல் எட்டாம் வகுப்புக்கு வந்த அவர் மகளுக்குப் பள்ளியில் இயற்கணிதம் இல்லை. தானே போய் நடத்தினார். அல்ஜீப்ரா புராஜெக்ட் என்கிற அமைப்பு அங்கேதான் முளைத்தது. அவருடைய வாதம் எளிமையானது. அன்றைக்கு விளைச்சலில் பங்குக்கு அடுத்தவர் நிலத்தை உழுத குடும்பங்களை எழுத்தறிவைக் காட்டி ஓட்டிலிருந்து தள்ளி வைத்தார்கள். கம்ப்யூட்டர் காலத்தில் அவர்கள் பேரப்பிள்ளைகளைத் தள்ளி வைக்க இயற்கணிதம் போதும். பிள்ளைகளை பாஸ்டன் ரயிலில் ஏற்றிக்கொண்டு போய், எங்கே ஏறினோம், எந்தப் பக்கம் போனோம், எத்தனை ஸ்டேஷன் என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து, படம் போடவைத்து, கடைசியில்தான் கூட்டல், கழித்தல் குறிக்கு வருவார். நான் இதை டவுன் பஸ்ஸில் செய்து பார்த்தேன். கண்டக்டர் சிரித்தார், ஆனால் மைனஸ் எண் புரிந்தது.

அந்தப் பதிவு அலுவலரைப் பற்றிப் படித்த அன்று எனக்குச் சுருக்கென்றது. என் வகுப்பிலும் அப்படி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு கணக்குக்கும் பிள்ளைகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து "சார், சரியா?" என்று நிற்பார்கள். நான் டிக் போட்டால் சரி. அதோடு அதை நிறுத்தினேன். 3x + 5 = 20, x = 5 என்று எழுதி வந்தால், "என்னை ஏன் கேக்குற, போட்டுப் பாரு" என்பேன். மூவைந்து பதினைந்து, ஐந்து கூட்டினால் இருபது. முள் நடுவில் நிற்கிறதா? போய் உட்காரு. முதல் மாதம் சார் சோம்பேறி ஆகிவிட்டார் என்று பேச்சு.

அப்புறம் என் தலையிலேயே விடிந்தது. எட்டாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "சார், எல்லாரும் சமம்னு எழுதச் சொன்னீங்களே, போட்டுப் பாக்கலாமா?" என்றாள். அந்த மாதம் வகுப்பறையைக் கூட்டிச் சுத்தம் செய்தது யார் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தாள். 22 நாளில் 19 நாள் பெண்பிள்ளைகள், 3 நாள் பையன்கள். வகுப்பில் பையன்கள் 20, பெண்கள் 16. சதவீதத்தை அவர்களே போர்டில் போட்டார்கள். நான் பட்டியல் எதுவும் போடவில்லையே என்றேன். "நீங்க கூப்புடுறதே 'யாராச்சும் வந்து கூட்டுங்கம்மா'ன்னுதான சார்" என்றாள். அந்த 'ம்மா'வுக்கு என்னிடம் பதில் இல்லை.

உன் ஊரில் இந்தக் கணக்கு ஆண், பெண் என்பதோடு நிற்காது, எந்தத் தெருப் பிள்ளைகள் என்று வந்து நிற்கும். தீண்டாமையை ஒழிக்கிற 17ஆம் பிரிவை நடத்தும்போது எந்தப் பிள்ளையையும் சாட்சிக்கு எழுப்பி நிறுத்திவிடாதே. வேலையை எண்ணு, பிள்ளையை எண்ணாதே. கணக்கில் என்ன வந்தாலும் தலைமையாசிரியரோடு நீதான் பேச வேண்டியிருக்கும், அந்தப் பிள்ளைகளை அதில் இழுக்காதே.

இன்னொரு கேள்வி கட்டாயம் வரும். "எல்லாரும் சமம்னா அவனுக்கு மட்டும் எதுக்கு டீச்சர் ஸ்காலர்ஷிப்?" அறிவுரை வேண்டாம், தராசை எடு. ஒரு தட்டில் 3 கல், மறு தட்டில் 8 கல். இரண்டிலும் நான்கு நான்கு கல் போடச் சொல். 7, 12. வித்தியாசம் அதே ஐந்துதான். ஒரே அளவாகக் கொடுத்தால் தராசு நேராகிவிடும் என்று நினைத்திருந்த பையன் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பான். 1951-ல், இடங்களைச் சாதி, மத வாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதையும், அதே வருஷம் அரசமைப்பின் முதல் திருத்தத்தில், பின்தங்கியவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்ய இடம் கொடுக்கிற 15(4) பிரிவு வந்ததையும் அப்புறம் சொல். மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீதம் 2020-ல் வந்தது, அதைச் சொன்னால் உன் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

நேரம் இருந்தால் குடியரசுத் தலைவர் தேர்தலையும் வை. நம் எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்பு 176, உத்தரப் பிரதேசத்துக்கு 208, சிக்கிமுக்கு வெறும் 7. "அநியாயம்" என்று கத்துவார்கள். 1971 மக்கள்தொகையை எம்.எல்.ஏ. எண்ணிக்கையால் வகுத்து, வந்ததை ஆயிரத்தால் வகுக்கச் சொல். தமிழ்நாட்டுக்கு 4,11,99,168-ஐ 234-ஆல். கத்தல் அடங்கும். கொஞ்ச நேரத்தில் ஒருத்தன் "ஏன் டீச்சர் இன்னும் 1971?" என்பான். அந்தச் சண்டையில் நீ தீர்ப்புச் சொல்லாதே. 1949 நவம்பர் 25-ல் அம்பேத்கர் பேசிய பேச்சைப் படித்துக் காட்டு. அரசியலில் ஒரு ஓட்டுக்கு ஒரே மதிப்பு என்று ஏற்றுக்கொண்டு, சமூக வாழ்விலும் பொருளாதாரத்திலும் அதை மறுக்கிற முரண்பாட்டுக்குள் 1950 ஜனவரி 26-ல் நுழையப் போகிறோம் என்று எச்சரித்தார் அவர்.

இதெல்லாம் அப்புறம். நாளைக்கு அந்தக் கட்டம் மட்டும் போதும். 7 என்று சொல்கிற பிள்ளையை உடனே "வெரி குட்" என்று பாராட்டிவிடாதே. பக்கத்தில் 12 போட்டவனிடம் போய் அது தன் வாயால் சொல்லிப் புரியவைக்கட்டும். எத்தனை பேர் 17 போட்டார்கள் என்று சாயங்காலம் போன் பண்ணு.

சித்தப்பாவின் பழைய தராசு பரண்மேல் சாக்கில் சுற்றிக் கிடக்கிறது. சித்தியிடம் சொல்லி இறக்கி வை. ஒரு தட்டின் சங்கிலி அறுந்திருக்கும், பொங்கலுக்கு வரும்போது நான் சரிபண்ணித் தருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்